வாடகைக்கு விடப் பழைய வீடு: முதலில் ஈரம், பிறகு அடக்கவிலை

வாடகைக்கு விடப் பழைய வீடு வாங்கப் பார்க்கிறவர்களின் கண் முதலில் பெயின்ட்டிலும் தரையிலும்தான் போகும். அவற்றைக் காசு கொடுத்துச் சீக்கிரம் மாற்றிவிடலாம். பணத்தை விழுங்குவது தண்ணீர். அதனால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை உப்புப் பூத்துக் காரை உதிர்ந்திருந்தால், பெரும்பாலும் அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. மேலிருந்து திட்டுத்திட்டாக இறங்கியிருந்தால் கூரையிலோ மாடிக் குளியலறையிலோ கசிவு. சந்தேகம் இருந்தால் பாலித்தீன் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம்தான் குறை. அதைச் சரிசெய்ய அதிகம் செலவாகாது. ஓதம் ஏறும் சுவரில் பெயின்ட் அடித்தால் சீக்கிரமே உரிந்துவிடும், குடிவந்தவர் அதோடு போய்விடுவார்.

பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறி, 5 மி.மீ.க்கு மேல் அகன்ற விரிசல் வேறு ரகம், அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கும் முன் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்ளே பிடிப்பு விட்டிருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைத் தள்ளிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி மூடியிருந்தால் மறுபடி விழத்தான் செய்யும். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துரு நீக்கி, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்துத்தான் மூட வேண்டும். இப்படி எத்தனை சதுர மீட்டர் என்று அளந்து கொள்ளுங்கள். ரிப்பேர் மதிப்பீடு பெரும்பாலும் இங்கேதான் எகிறும்.

மற்றவை சுருக்கமாக. இரண்டு குழாயை ஒன்றாகத் திறந்து விடுங்கள். வேகம் சட்டென்று செத்தால் பழைய இரும்புக் குழாய் உள்ளே அடைத்திருக்கலாம். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. எர்த் இல்லாத வயரிங் என்றால் வீடு முழுக்க மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், குடியிருப்பவர் உயிர் சம்பந்தப்பட்டது. கதவு நிலையின் அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையானோ உளுப்போ.

இனி கணக்கு. ஒரு உதாரணம்: கேட்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எண்களும் அதே கணக்கில். பதிவும் தரகும் 8. ரிப்பேர் 25, அதற்கு மேல் அதில் ஐந்தில் ஒரு பங்கு எதிர்பாராச் செலவுக்கு, அதாவது 5. வேலை நடக்கும் 6 மாதத்துக்கு வட்டி 4. எல்லாம் சேர்த்து அடக்கவிலை 142. மாத வாடகை 0.8 என்றால் வருடத்துக்கு 9.6, கேட்க நன்றாக இருக்கும். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்து 8.8 எடுங்கள். வரி, காப்பீடு, பராமரிப்புக்கு 2 கழித்தால் 6.8. அதை 142ஆல் வகுத்தால் 4.8 சதவீதம்தான்.

உங்களுக்கு 6 சதவீதம் வேண்டுமென்றால் அடக்கவிலை 113ஐத் தாண்டக் கூடாது. ரிப்பேர்ச் செலவு அப்படியே நிற்கும். பதிவும் வட்டியும் விலையோடு சேர்ந்து குறையும். அப்படிப் பார்த்தால் நீங்கள் கொடுக்கக்கூடிய விலை சுமார் 74. விற்பவர் 90க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.