மூன்றரைக் குழியைத் தின்ற மெர்ஜ்: எங்கள் கோடு ரிவ்யூ அனுபவம்

டெல்டாவில் வயல் பேச்சு இன்னும் வேலி, மா, குழியில்தான் ஓடுகிறது. பட்டாவிலோ ஹெக்டேர், ஏர். ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தரும் சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவியைக் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். கோடு எழுதுவதில் தகராறே வரவில்லை. எழுதியதை யார் பார்த்து எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் உயிர் போனது.

முதலில் மின்னஞ்சல் பேட்ச், அதாவது மாற்றிய வரிகளை மட்டும் மெயிலில் அனுப்புவது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலே அப்படித்தான் நடக்கிறது, நமக்கென்ன குறைச்சல் என்று குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் விடாப்பிடியாக நின்றார். கோடு மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளில் பேட்சை மெயில் அனுப்பும் சென்ட்-இமெயில் கட்டளை அவருக்குத் தண்ணி பட்ட பாடு. புதிதாக வந்த கல்லூரிப் பிள்ளைகளோ பேட்சை உலாவியில் இருக்கும் மெயில் பெட்டியில் ஒட்டி அனுப்ப, டேப் எல்லாம் ஸ்பேஸாகி, நீள வரிகள் இரண்டாக உடைந்து, வந்த பேட்சைச் சேர்க்கும் கிட் ஏஎம் கட்டளை கொடுத்தால் ஒட்டவே மாட்டேன் என்றது. முறையாக அனுப்பலாம் என்றால் ஆப் பாஸ்வேர்டு, எஸ்எம்டிபி என்று மெயில் அமைப்பு வேலை இழுத்தது. பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொண்டார்கள்.

அப்புறம் கெரிட் என்னும் கோடு ரிவ்யூ சர்வர். ஒரு திருத்தத்தின் இரண்டாம் வடிவத்துக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவே என்ன மாறியது என்று காட்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, இன்றும் சொல்வேன். ஆனால் சேஞ்ச்-ஐடி என்ற அடையாளத்தைத் தானாக ஒட்டும் ஹூக் (சின்ன ஸ்கிரிப்ட்) போடாமல் கமிட் செய்துவிட்டால், அதாவது மாற்றத்தைப் பதிந்துவிட்டால், அந்த ஐடி இல்லை என்று புஷ்ஷை (சர்வருக்கு அனுப்புவதை) அது திருப்பிவிடும். அதைக்கூடப் பழகிவிடலாம். எங்களை வதைத்தது 29418 என்ற போர்ட் எண். கெரிட்டின் எஸ்எஸ்எச் இணைப்பு வழக்கமாக அந்த போர்ட்டில்தான் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளின் கல்லூரி லேபில் அது அடைப்பு. திறந்து தரச் சொல்லிப் பஸ் பிடித்துப் போனால், லேப் பொறுப்பாளர் கடிதத்தைப் பார்த்துவிட்டு "எச்ஓடி கையெழுத்து எங்க சார்?" என்றார். எச்ஓடி அன்று விடுப்பு. சாதாரண இணையதளம் போல எச்டிடிபிஎஸ் வழியாகவே புஷ் செய்யலாம், அந்த போர்ட்டே தேவையில்லை என்பதைச் சர்வர் அமைத்துத் தந்தவர் எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாகச் சொன்னார். வந்த எரிச்சலை எழுத முடியாது.

கடைசியில் கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் புல் ரெக்வெஸ்ட், அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை. அரைமணி நேர வேலை, எல்லோருக்கும் தெரிந்த பாதை.

தெரிந்த பாதையில்தான் பள்ளம். ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி என்று சரியாக எழுதிய புல் ரெக்வெஸ்டுக்கு அப்ரூவல் விழுந்தது. அதன் பிறகு எழுதியவர் இன்னொரு கமிட் சேர்த்தார்: ஒரு மாவுக்கு 33 சென்ட், சுத்தமாக. உண்மையில் 33.06 வரும். பழைய அப்ரூவல் அப்படியே பச்சையாக நின்றது, வேறொருவர் பச்சையைப் பார்த்து, கோடைச் சேர்க்கும் மெர்ஜ் பட்டனை அமுக்கிவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வேலிக்கு 504 சதுர அடி குறைகிறது. மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவர் போன் செய்து, "தம்பி, எங்க மூணரைக் குழிய யாரு தின்னா?" என்றார். வரப்புக்கு அரையடி தள்ளினாலே பஞ்சாயத்து கூடும் ஊரில் இது சின்னத் தப்பில்லை.

ஆகவே கிட்ஹப்பின் பிராஞ்ச் பாதுகாப்பு அமைப்பில், புது கமிட் வந்தால் பழைய அப்ரூவலை நீக்கும் வசதியை முதல் வேலையாக ஆன் செய்யுங்கள். அது தானாக ஆன் ஆகி வராது. கெரிட்டில் கோடு மாறினால் பழைய ஓட்டு வழக்கமாகவே போய்விடும், அதில் மட்டும் கெரிட் மேல். ரிவ்யூ நடக்கும்போது பழைய கமிட்டை அழித்து எழுதும் ஃபோர்ஸ் புஷ் வேண்டாம், கமிட்டாகச் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஸ்குவாஷ் செய்தால் பார்ப்பவருக்கும் புண்ணியம். கணக்கு இருக்கும் ஃபைல்களுக்கு மட்டும், எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோடுஓனர்ஸ் போட்டோம். அதில் எழுதும் பெயருக்குரியவருக்கு ரெப்போவில் (கோடு இருக்கும் கிடங்கில்) எழுதும் அனுமதி இல்லாவிட்டால் அந்த வரி இருந்தும் பயனில்லை, இதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு இரவு போனது. தன் புல் ரெக்வெஸ்டுக்குத் தானே அப்ரூவல் தர முடியாது என்பதால் பொறுப்பாளர் ஒருவரோடு நிற்காதீர்கள். எங்களில் ஒருவர் சம்பா அறுவடைக்குப் போனதும் எல்லாமே தேங்கியது.

அண்ணன் இன்னும் மெயிலில்தான் அனுப்புகிறார். அதை வாங்கி புல் ரெக்வெஸ்டாக மாற்றிப் போடும் வேலை என் தலையில்.