என் இரண்டு நாட்களைத் தின்ற செம்புப் பட்டை

வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளித் தனியாக நிற்கும் கார் ஷெட்டுக்கு, மெயின் போர்டிலிருந்து மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் துணைப் பெட்டி (டிபி) வைக்கும் வேலை நேற்று இரவுதான் முடிந்தது. தோள் வலியும் போகவில்லை, கோபமும் போகவில்லை. அனுமதி சீக்கிரமே கிடைத்தது. கேபிள் கணக்கும் சுலபம்: 32 ஆம்பியருக்கு 4 சதுர மி.மீ. செம்பு போட்டால் இந்தத் தூரத்துக்கு முழு லோடில் எட்டு வோல்ட்டுக்கு மேல் குறையும், 10 சதுர மி.மீ. போட்டால் மூன்றரை வோல்ட்தான். பெரியதையே வாங்கினேன்.

கேபிளுக்கான பைப்பை மண்ணில் பதித்த அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. 60 செ.மீ. ஆழக் குழி தண்ணீரில் இடிந்துவிடுமே என்ற பயத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். மறுநாள் வந்த ஆய்வாளர், “மூடிய குழியில் நான் எதைப் பார்ப்பது?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். முழு நீளத்தையும் மறுபடி தோண்டினேன். அவர் கையெழுத்துப் போடும்வரை ஒரு கூடை மண்கூடப் போடாதீர்கள். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

மறுபடி தோண்டியதில் ஒரு நன்மை. பைப்பில் ஐந்து செங்கோண வளைவுகள் வைத்திருந்தேன். நான்குக்கு மேல் போனால் கேபிளை இழுப்பது பெரும்பாடு, இழுத்தாலும் உறை கிழியும். நடுவில், கேபிளைப் பிடித்து இழுக்க வசதியாக ஓர் இழுவைப் பெட்டி வைத்துச் சரிசெய்தேன். பைப்புக்கு 30 செ.மீ. மேலே எச்சரிக்கை நாடாவும் போட்டேன்.

தெரிந்தவர் ஒருவர், “வீட்டிலிருந்து எர்த் கம்பி எதற்கு? ஷெட் ஓரத்தில் ஒரு எர்த் குழி போதும்” என்றார். நல்லவேளை, கேட்கவில்லை. எர்த் குழியின் தடை 25 ஓம் என்றால், 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர்தான் ஓடும். மின்னோட்டம் அளவை மீறினால் துண்டிக்கும் 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையவே அசையாது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லாவிட்டால், பழுதான கருவியின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். எர்த் குழி இருந்தாலும், மெயின் போர்டிலிருந்து எர்த் கம்பி வந்தே ஆக வேண்டும்.

உண்மையான வேதனை கடைசியில்தான். மெயின் போர்டு இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் கொடுத்தார், ஷெட் பெட்டியை நான் முடித்தேன். விளக்கு எரிந்தது. கிரைண்டரை ஓடவிட்டதும் மெயினில் இருந்த ஆர்சிசிபி விழுந்தது. கிரைண்டரைச் சந்தேகித்து வேறொன்றை மாட்டினேன், விழுந்தது. ஆர்சிசிபியையே புதிதாக மாற்றச் சொன்னேன், அதுவும் விழுந்தது. பிறகு எம்சிபியை இறக்கிவிட்டு, ஷெட் பெட்டியில் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். பீப் அடித்தது, அதாவது இரண்டும் எங்கோ இணைந்திருக்கின்றன. ஷெட்டுக்குள் ஓடும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், பீப் நிற்கவில்லை. அந்த ஒரு சோதனையிலேயே ஐந்து மணி நேரம் போயிற்று.

மின்பணியாளரை அழைத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஆர்சிசிபியை இறக்கினீர்களா?” இல்லை. எம்சிபி, மின்சாரம் வரும் பேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வீடுவரை இணைந்தே இருந்தது; எங்கள் இணைப்பில் நியூட்ரலும் எர்த்தும் மின்சாரம் வீட்டுக்கு வரும் பக்கத்தில் சேர்கின்றன என்பதால், ஷெட்டில் பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் பீப் அடித்தே தீரும். இந்தச் சோதனைக்கு நியூட்ரலையும் துண்டிக்க வேண்டும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா!

ஆர்சிசிபியை இறக்கினேன். அப்போதும் பீப். உள்ளே வரும் நியூட்ரலையும் கழற்றினேன். அப்போதும் பீப். டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நியூட்ரல் கம்பிகளைச் சேர்க்கும் நியூட்ரல் பட்டையின் பின்னால், பெட்டியின் உடம்போடு அதை இணைக்கும் சிறிய செம்புப் பட்டை. பெட்டியோடு பொருத்தியே வந்தது. மெயினாகப் பயன்படுத்துகிறவர்களுக்கானதாம், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. கிரைண்டரின் திரும்பு மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வழியே போனதால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுந்தது. சின்ன விளக்கின் பங்கு அந்த அளவைத் தொடவில்லை, அதனால் அது எரிந்தது. ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது. என்றாவது நியூட்ரலும் எர்த்தும் அறுந்தால், ஷெட்டில் எர்த் செய்த ஒவ்வொரு இரும்பும் ஷாக் அடித்திருக்கும்.

துணைப் பெட்டி வாங்கியதும், சுவரில் மாட்டும் முன்பே, நியூட்ரல் பட்டைக்கும் பெட்டியின் உடம்புக்கும் இடையே மீட்டரை வைத்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

அந்தச் செம்புப் பட்டையைக் கழற்றிய பின் கிரைண்டரை இருபது நிமிடம் ஓடவிட்டேன். ஆர்சிசிபி விழவில்லை.