ஏழா, பத்தா

மார்ச் 4

நாளைக் காலை ஆபரேஷனுக்கு அப்பாதான் முதல் கேஸ். ராத்திரி முழுக்க டிஃபன் பாக்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள் அம்மா.

மார்ச் 5

முடிந்தது. பெருங்குடலில் கட்டி இருந்த பகுதியை எடுத்துவிட்டார்கள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 6

இரண்டு காலிலும் உறை மாட்டியிருக்கிறார்கள். மெஷின் காற்றை ஏற்றி இறுக்குகிறது, விடுகிறது. "டயருக்குக் காத்தடிக்கிறாங்கடி" என்கிறார். கண்டக்டர் புத்தி.

டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் காப்ரினி ஸ்கோர் போட்டார். ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு. வயது 67, அதற்கு 2. புற்றுநோய்க்கு 2. முக்கால் மணி நேரத்தைத் தாண்டிய ஆபரேஷனுக்கு 2. காலில் நரம்பு சுருட்டியிருப்பதற்கு 1. ஆக 7. ஐந்தைத் தொட்டாலே ஆபத்து அதிகமாம். "குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கா?" "அப்படியெல்லாம் இல்லீங்க" என்றாள் அம்மா.

பெரியப்பா?

மார்ச் 7

ராத்திரி பெரியம்மாவுக்கு போன் போட்டேன். 1987, அல்சர் ஆபரேஷன். "நல்லாத்தான் இருந்தாரு. ஒரு வாரமா படுக்கையிலயே வச்சிருந்தோம். அன்னிக்கு காபி குடிச்சாரு, பாத்ரூம் போகணும்னு எந்திரிச்சாரு, மூச்சு வாங்குதுன்னாரு, அப்படியே சாஞ்சுட்டாரு." மாரடைப்பு என்றுதான் சொன்னார்களாம். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனாலும் இப்படித்தான் இருக்கும். உடம்பை அறுத்துப் பார்க்காமல் யார் சொல்ல முடியும்? கூடப்பிறந்த அண்ணன். அது உறைவுதான் என்றால் இன்னும் 3. மொத்தம் 10.

மார்ச் 8

டாக்டரிடம் கேட்டேன். ஏழோ பத்தோ, வைத்தியம் ஒன்றுதானாம்: நடை, ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி 40 மில்லிகிராம் தினம் ஒன்று. புற்றுநோய் என்பதால் வீட்டுக்குப் போனாலும் நான்கு வாரம் வரை. அப்போ எதற்கு அந்தக் கேள்வி? ரத்தம் எங்காவது உறைந்திருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, டி-டைமர், அதைப் பார்க்கலாமா என்றேன். அறுத்த உடம்பில் அது எப்படியும் ஏறித்தான் இருக்குமாம்.

மார்ச் 9

வராந்தாவில் நாலு நடை நடந்தார். பார்க்க வந்த சித்தப்பா, "பச்சை உடம்பு, படுத்தே கெடக்கட்டும்" என்கிறார். படுத்தே கிடந்தவர் கதை இவருக்குத் தெரியாதா?

மார்ச் 12

வீடு. முதல் ஊசி நானே போட்டேன். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தையலுக்குப் பக்கத்தில் போகாமல், சதையைக் கிள்ளிப் பிடித்து நேராக இறக்க வேண்டும். சிரிஞ்சில் இருக்கும் காற்றுக்குமிழியை வெளியே தள்ளக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. அம்மா தேய்க்க வந்தாள், கத்திவிட்டேன். பெரியப்பாவுக்கு இதெல்லாம் போட்டிருப்பார்களா?

மார்ச் 15

வயிறெல்லாம் நீலத் திட்டு. ஊசியால் வருவதுதான். கணக்கு போட்டால் ஆபத்து இவ்வளவு என்று தெரியும், இவருக்கு வருமா வராதா என்று தெரியாது. அதற்குப் பேர் கணக்கா?

மார்ச் 16

இட்லி கேட்டுச் சாப்பிட்டார். இரண்டு!

மார்ச் 18

இடது கெண்டைக்கால் கொஞ்சம் பருத்த மாதிரி இருக்கிறது. தையல் டேப்பால் அளந்தேன். வலது 33, இடது 34 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்களாம். சுருட்டல் இருக்கிற கால் எப்போதும் பருத்துத்தானே இருக்கும்?

மார்ச் 19

35 மேலேயே நிற்கிறது, 36க்குக் கொஞ்சம் குறைச்சல். கெண்டைச் சதையை அழுத்தினால் வலிக்குது என்கிறார். போன் செய்தேன், கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க உடனே வரச் சொல்லிவிட்டார்கள். மூச்சு வாங்கவில்லை, மூன்று தரம் கேட்டுவிட்டேன். பழைய ரிப்போர்ட் பையை அம்மா எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை, ஆட்டோ வந்து