நீலப் புள்ளி நகரவில்லை

போன மாதம் அம்மாவுடன் மலாக்காவுக்குப் பஸ்ஸில் கிளம்பினேன். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டு வைஃபையிலேயே ஜொகூர், மலாக்கா வரைபடங்களை டேப்லெட்டில் இறக்கிவைத்தாயிற்று. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறிக் கடற்பாலத்தைத் தாண்டினோம். வரைபடம் பளிச்சென்று திறந்தது. நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் ஈசூனிலேயே உட்கார்ந்திருந்தது! என்னுடையது வைஃபை மட்டும் உள்ள மாடல். உள்ளே ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் மாடலில் உண்டு. காசு மிச்சம் பிடித்த புத்தி, வேறென்ன.

சரி, வழி பார்க்கக் கைப்பேசி போதும் என்று டேப்லெட்டை அம்மாவிடம் கொடுத்தேன். இறக்கிவைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடியது. மலாக்கா சென்ட்ரலில் பஸ் நின்றதும், "இறங்கணும்மா" என்றேன்.

"இருடா, கிளைமாக்ஸ்."

சார்ஜ் 11 சதவீதம்.