தறி நின்ற நாட்களும் வண்டி நின்ற இடங்களும்

ஜூன் 18

பல்லடத்திலிருந்து பொங்கலூர் போகும்போது புல்லட் நன்றாகத்தான் இழுத்தது. 65 கிலோமீட்டர் வேகத்தில் போனேன். திரும்பும்போது மூன்றாவது கியருக்கு இறக்கியும் 40-ஐத் தாண்டாமல் இருமியது, கார்புரேட்டர் வழியாகப் பட் பட்டென்று துப்பியது, அப்புறம் புளியமரத்தடியில் நின்றேவிட்டது. இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஒரே உதை. எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அந்த நடிப்புதான் எரிச்சல்.

ஜூன் 19

தறி நின்று ஆறு நாள். சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லை.

ஜூன் 20

பிளக்கைக் கழற்றினேன், கரி. பெட்ரோல் அதிகம் போகிறது என்று முடிவு கட்டி கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாட்டினேன், அப்படி மாட்டினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். மாட்டிய கையோடு ஏர் ஃபில்டரையும் துடைத்தேன். டேப்பட் மூடியைத் திறந்து பார்த்தால் வால்வைத் தூக்கும் கம்பிகளில் எக்சாஸ்ட் பக்கத்துக் கம்பி இறுகிக் கிடந்தது. இந்த வண்டிக்கு எஞ்சின் ஆறியிருக்கும்போது இடைவெளியே இருக்கக் கூடாது, ஆனால் கம்பி விரலால் உருட்டினால் உருள வேண்டும். சரி செய்தேன். உதைத்தால் சட்டென்று பிடிக்கிறது.

ஆனால் நிற்பது நிற்கத்தான் செய்கிறது. ஒரே மத்தியானத்தில் மூன்றை மாற்றினால் எதனால் எது ஆனது என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது? தறியில் இப்படிச் செய்வேனா? பாவு நூல் அறுந்தால் அறுந்த இடத்தைத்தானே தேடுவேன்.

ஜூன் 21

கிக்கர் எதிர்த்து அடித்துக் கணுக்கால் வீக்கம். வண்டியை வாங்கப் போகிற கோயமுத்தூர்க்காரர் அடுத்த மாதம் 6-ம் தேதி ஞாயிறு வருகிறாராம். "ஓடுற கண்டிஷன்ல இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன்.

ஜூன் 23

பார்க்கிறவர்கள் எல்லோரும் பெட்ரோல் என்கிறார்கள். எத்தனால் 20 சதவீதம் கலக்கிறான், பழைய வண்டிக்கு ஆகாது, டேங்கில் துரு. டேங்கில் துரு இருப்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் கோளாறு என்றால் இருபது நிமிஷம் நிழலில் உட்கார்ந்தால் எப்படித் தீரும்? மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தால் அப்படி ஆகலாம், டேங்குக்குள் காற்று இழுக்க முடியாமல் பெட்ரோல் இறங்காது. அதனால் மூடியைத் தளர்த்தி வைத்தே ஓட்டினேன். தொடையெல்லாம் பெட்ரோல். அதே இடத்தில் நின்றது. நின்றவுடன் குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன், தாராளமாக ஊற்றுகிறது. கிக்கர் மேல் ஏறி நின்றால் இறங்காமல் தாங்குகிறது, ஆகவே அமுக்கமும் இருக்கிறது.

ஜூன் 24

தறி நின்ற விஷயத்தில் பேச்சுவார்த்தை இன்றும் முடியவில்லை. 5-ம் தேதி தவணை.

ஜூன் 25

ராத்திரி படுத்திருக்கும்போது ஒன்று உறைத்தது. ஆனி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. நான் பொங்கலூருக்குப் போவது காற்றோடு, திரும்புவது எதிர்க்காற்றில். காற்றாலையெல்லாம் சுற்றுகிற சுற்றுக்கு 346 சிசி என்ன செய்யும்? எஞ்சின் சூடும் எதிர்க்காற்றும் ஒரே நேரத்தில் வந்து என்னைக் குழப்புகின்றன.

காலையில் மேற்கே காரணம்பேட்டைக்கு விட்டேன். எதிர்க்காற்றில், ஆறிய எஞ்சினோடு, 55-ல் இருமாமல் போனது. திரும்பும்போது காற்று முதுகில் தள்ளுகிறது, பறக்க வேண்டும். பல்லடத்துக்கு 2 கிலோமீட்டர் முன்னால் செத்தது. ஆக, சூடுதான். சந்தோஷத்தில் ரோட்டோரம் தனியாகச் சிரித்தேன்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் ஃபின்னில் சாய்த்து உதைத்தால் வெயிலில் பொறி தெரியவில்லை. துண்டைத் தலை மேல் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். நீலமாக வெட்ட வேண்டியது மஞ்சளாக, சோம்பலாக. டவுன் பஸ்ஸில் போனவர்கள் இவன் எதற்கோ அழுகிறான் என்றே நினைத்திருப்பார்கள்.

ஜூன் 26

சூலூர்ப் பக்கத்துப் பெரியவரிடம் போனேன். ஐயன் (அப்பா) காலத்திலிருந்து இந்த வண்டியைத் தெரிந்தவர். பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங் தம்பி, ஆறுனா ஓடுது, சூடேறுனா நிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் எதுக்குங் கார்புரேட்டரப் போட்டு நோண்டறீங்க?"

பாயிண்ட், அதாவது காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டுப் பிரிக்கும் இரண்டு முனைகள், அதன் மூடியைத் திறந்து காட்டினார். ஒரு முனையில் பள்ளம், எதிர் முனையில் மேடு. அதோடு சேர்ந்த சின்ன மின்தேக்கியான கண்டன்சர் ஒழுங்காக வேலை செய்தால் பாயிண்ட் பிரியும்போது அங்கே பொறி தெறிக்காது, காயிலில் மின்சாரம் டக்கென்று அறுபட்டுப் பிளக்கில் வலுவாக வெட்டும். கண்டன்சர் சோர்ந்தால் பொறி பாயிண்ட்டிலேயே தெறித்து வீணாகும். பிளக்கில் கரி படிந்ததும் அதனால்தான், உள்ளே போன பெட்ரோல் எரியவே இல்லை. நான் அதை அதிகப் பெட்ரோல் என்று படித்தேன்.

காசு வாங்கவில்லை. "போச்சாதுங்" என்றார்.

ஜூன் 28

நிச்சயம் பண்ணாமல் எதையும் மாற்றுவதில்லை என்று சபதம். பாப்பா தலைமுடி காய வைக்கிற ஹேர் டிரையரை எடுத்தேன். ஆறிய எஞ்சினை ஐடிலில் விட்டு முதலில் காயிலுக்கு மட்டும் பத்து நிமிஷம் சூடு காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. எஞ்சினை அணைத்து நன்றாக ஆறவிட்டு, மறுபடி கிளப்பி, கண்டன்சர் இருக்கும் பாயிண்ட் பெட்டிக்குக் காட்டினேன். நான்காவது நிமிஷம் இருமல், ஐந்தாவதில் மௌனம். வாசலில் நின்ற வீட்டுக்காரி, தறி நின்ற நாளிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

ஜூன் 30

உக்கடத்தில் புதுக் கண்டன்சர் வாங்கி மாட்டினேன். பழையதைவிட மோசம், தெருமுனை தாண்டவில்லை. மறுபடி மூன்று நாள் பின்னால் போய் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். மீட்டர் வைத்த பிறகுதான் தெரிந்தது, 0.2 மைக்ரோஃபாரட் அருகே காட்ட வேண்டியது எண் நிலைக்காமல் ஓடுகிறது. புதியது, அட்டைப்பெட்டி எல்லாம் இருந்தது, என்ன பயன்? சிவன்மலை ஆண்டவன் யார் கனவிலாவது வந்து உத்தரவுப் பெட்டியில் கண்டன்சர் வைக்கச் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஜூலை 1

நூல்காரர் போனை எடுக்கவில்லை.

ஜூலை 2

பெரியவர் ஓர் அம்பாசடர் கண்டன்சரைக் கொடுத்தார், பழசு. பெட்டிக்குள் மாட்டாமல் வெளியே, சூடு படாத இடத்தில் பாடியோடு முடுக்கி, ஒரு ஒயர் மட்டும் பாயிண்ட்டுக்கு. பாயிண்ட்டைத் தேய்த்துச் சமமாக்கி 0.4 மில்லிமீட்டர் வைத்தோம். ஊசிக் கிளிப்பையும் பழைய காடிக்கே திருப்பினேன்.

குண்டடம் போய்த் திரும்பினேன். எங்கும் நிற்கவில்லை. எதிர்க்காற்றில், உச்சி வெயிலில்! புளியமரத்தடியில் நானாகவே நிறுத்தி ஒரு இளநீர் குடித்தேன்.

ஜூலை 3

60-க்கு மேல் இழுவை இல்லை. கற்பனையா? காற்றா? 1981-ல் ஐயன் இதில் தாராபுரம் சந்தைக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போவேன் என்று சொல்வார், அதையும் பாதிதான் நம்பலாம்.

விற்கப் போகிற வண்டிக்கு எதற்கு இது என்கிறாள் வீட்டுக்காரி. நியாயம்தான்.

ஜூலை 4

காற்று நின்ற நேரம் பார்த்து, விடிகாலை 5 மணிக்கு ஓட்டினேன். கற்பனை இல்லை.

ஜூலை 5

அட்வான்ஸ் யூனிட்டைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பி வைத்திருக்கிறேன். எடைகள் விரிந்தால்தான் வேகத்தில் பொறி முன்கூட்டி விழும், இதில் ஒன்று பழைய கிரீசில் ஒட்டி அசையவே இல்லை. இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று மற்றதைவிட நீளமாகத் தெரிகிறது. கோயமுத்தூர்க்காரர் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், எடுக்கவில்லை. பக்கத்து செட்டில் யாரோ ஒரு தறியை மட்டும் ஓட்டிப் பார்க்கிறார்கள், கேட்கிறது. எழுந்து போய் என்னவென்று