ரிஃபாம்பிசினும் டிஜாக்சினும்: குடல் சுவரில் நடப்பது

மண்டபம், பாம்பன் பகுதியில் மருந்தாளுநராகப் பணியாற்றும் எனக்கு, ஒருவர் கையிலேயே இருந்தும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கப்படாத இரண்டு மருந்துச் சீட்டுகள்தான் பெரிய கவலை. இதயத்துக்கான டிஜாக்சின் மாத்திரையை மதுரையில் எழுதித் தருகிறார்கள். ரிஃபாம்பிசின் அடங்கிய காசநோய் மாத்திரை உள்ளூர் சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. "நெஞ்சு மாத்திரை மதுரையில குடுத்தது, சளி மாத்திரை இங்க குடுக்குறது, ரெண்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று பாசி எடுக்கப் போகும் பெண் ஒருவர் கேட்டார். சம்பந்தம் குடல் சுவரில் இருக்கிறது.

விழுங்கிய மருந்து முழுவதும் இரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. குடலின் உட்சுவரிலுள்ள செல்களில் பி-கிளைக்கோபுரதம் என்னும் புரதம் பதிந்திருக்கிறது. அது செல்லுக்குள் நுழையும் சில மருந்துகளின் மூலக்கூறுகளைப் பிடித்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி தரும் ஆற்றலைச் செலவிட்டு, மீண்டும் குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. வள்ளத்தில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கடலிலேயே ஊற்றுவது போல என்று அவரிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். கொல்கிசின் மருந்துக்கு அடங்காத வெள்ளெலிச் செல்களில் இந்தப் புரதத்தை ஜூலியானோ, லிங் என்னும் ஆய்வாளர்கள் 1976இல் விவரித்தார்கள். சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் மூளையின் நுண்குழாய்களிலும்கூட இது உண்டு. வயிற்றுப்போக்குக்குத் தரும் லோபரமைடு, அபின் சார்ந்த ஓபியாய்டு வகையைச் சேர்ந்ததாயினும், வழக்கமான அளவில் மூளையை மயக்காமல் இருப்பதற்கு இந்தக் காவலே முக்கியக் காரணம்.

டிஜாக்சின் பெரும்பாலும் கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து என்பதால், இந்தப் புரதம் கூடினாலும் குறைந்தாலும் அதன் விளைவு இரத்தத்தில் தெரிந்துவிடும். காசநோய்ச் சிகிச்சையின் அடித்தளமான ரிஃபாம்பிசின், குடலில் இந்தப் புரதத்தைப் பெருகச் செய்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 8 பேருக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தபோது குடலில் அந்தப் புரதத்தின் அளவு சராசரியாக 3.5 மடங்கு உயர்ந்தது. வாய்வழி உட்கொண்ட டிஜாக்சின் இரத்தத்தில் சேர்வது குறைந்தது. நரம்பு வழியே செலுத்தியபோது அந்த வேறுபாடு சிறிதாகவே இருந்தது என்பதுதான், தடை குடலில் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகக் காட்டியது.

தொடக்கத்தைவிட முடிவைப் பற்றியே நான் அதிகம் அஞ்சுகிறேன். காசநோய் மாத்திரை தொடரும் மாதங்களில் படபடப்பு மீண்டும் வந்து, இதய மருத்துவர் டிஜாக்சின் அளவைக் கூட்டியிருக்கலாம். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு, பெருகியிருந்த புரதம் சில வாரங்களில் பழைய நிலைக்குக் குறைகிறது. கூட்டிய அளவோ அப்படியே தொடர்கிறது. அப்போது இரத்தத்தில் டிஜாக்சின் மிகுந்து, பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் நிறம், நாடி மந்தமாதல் ஆகியவை தோன்றக்கூடும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நாளெல்லாம் உழைப்பவர்களின் குமட்டலை வெயிலின் மேல் சாட்டிவிடுவது மிக எளிது. முதியவர்களுக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இதற்கு மாறாக, வெராபமில், அமியோடரோன், கிளாரித்ரோமைசின் போன்ற வேறு மருந்துகள் அந்தப் புரதத்தைத் தடுத்து டிஜாக்சின் அளவை நேரடியாகவே உயர்த்துகின்றன.

ஆகவே, காசநோய் மாத்திரை வாங்க வருபவரிடம் வேறு ஊர்ச் சீட்டு உண்டா என்று கேட்கிறேன். டிஜாக்சின் இருந்தால், ரிஃபாம்பிசின் தொடங்கிய தேதியையும் முடியப்போகும் மாதத்தையும் அந்தச் சீட்டிலேயே எழுதி, இரண்டு மருத்துவர்களுக்கும் தெரிவிக்கச் சொல்கிறேன்; எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது என்பதையும் வீட்டிலிருந்து உடன் வந்தவர் காதிலும் விழும்படி சொல்லி அனுப்புகிறேன்.