சுக்கான் அறையில் ‘எஸ் சார்’ போதாது

கடற்படைக் கப்பலில் சேர்ந்த புதிதில் சுக்கான் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். நள்ளிரவு பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரையான வாட்ச், அதாவது காவல் முறை. கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் விளக்கையெல்லாம் அணைத்திருந்தார்கள். கருவிகளின் மங்கலான சிவப்பு வெளிச்சம் மட்டும்தான். வாட்ச் அதிகாரி இருட்டுக்குள் நின்றபடி “ஸ்டார்போர்டு டென்” என்றார். “எஸ் சார்” என்று சொல்லிவிட்டுச் சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரிக்குத் திருப்பினேன். அவர் அதே ஆணையை மறுபடியும் சொன்னார். மறுபடியும் “எஸ் சார்” என்றேன். மூன்றாவது முறையும் அதே ஆணை வந்தபோது கை நடுங்கிவிட்டது. சுக்கான் சரியாகத்தானே இருக்கிறது? பக்கத்தில் நின்ற மூத்த மாலுமிதான் காதருகே குனிந்து, “அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுடா” என்றார்.

வாட்ச் முடிந்ததும் அதிகாரி கூப்பிட்டார். கோபப்படவில்லை. “எஸ் என்று சொன்னால் உன் காதில் ஏதோ விழுந்தது என்று தெரிகிறது. என்ன விழுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். ஆணையைத் திருப்பிச் சொல்வது ஒன்று. சுக்கான் பத்து டிகிரியில் வந்து நின்றதும், நின்றுவிட்டது என்று மறுபடி குரல் கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் கேட்ட பிறகுதான் அவர் மனம் அடுத்த வேலைக்குப் போகும்.

கடற்படைப் பேச்சைக் கேட்கும் வெளியாட்கள் இதையெல்லாம் பழைய காலத்து மிடுக்கு என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இரவுக்கு அப்புறம், ஒரு சொல் விசித்திரமாகப் பட்டால், இதை யார் எப்போது தவறாகக் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பல சொற்களுக்கு அந்தக் கேள்வியிலேயே விடை கிடைத்தது.

இடப்பக்கத்துக்குச் சொல்லும் ‘போர்ட்’ அப்படி வந்ததுதான். பழைய கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. அதனால் வலப்பக்கம், திசை திருப்பும் பக்கம் என்ற பொருளில், ‘ஸ்டார்போர்டு’ ஆனது. இடப்பக்கத்தை ‘லார்போர்டு’ என்றார்கள். புயல் காற்றில் இந்த இரண்டையும் கத்திப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது. பிரிட்டிஷ் கடற்படை 1844-இல் லார்போர்டை விலக்கி, போர்ட் என்றே சொல்ல ஆணையிட்டது. அமெரிக்கக் கடற்படை 1846-இல் அதையே செய்தது.

அதைவிடக் குழப்பமான வழக்கம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. ஆணையில் சொல்லும் பக்கம் கப்பல் திரும்பும் பக்கம் அல்ல, சுக்கான் கைப்பிடி நகரும் பக்கம். கைப்பிடி வலப்பக்கம் போனால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். 1912-இல் டைட்டானிக்கில் ‘ஹார்ட் எ ஸ்டார்போர்டு’ என்று ஆணை வந்தபோது கப்பலின் முகப்பு இடப்பக்கம்தான் திரும்பியது. அன்றைய மாலுமிகளுக்கு அதில் குழப்பம் கிடையாது, அவர்கள் பழகியதே அப்படித்தான். பிரிட்டிஷ் கப்பல்களில் இது மாறியது 1930-களில். எனக்குக் கிடைத்த எளிய ஆணைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய திருத்தம் இருக்கிறது என்று அறிந்தபோது உண்மையாகவே நெகிழ்ந்தேன்.

‘அய் அய்’ என்பதைக் கேட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். கேள்விக்கு ‘ஆமாம்’ என்பது வேறு. ஆணை புரிந்தது, செய்கிறேன் என்பது வேறு; அதற்குத்தான் ‘அய் அய்’. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் எப்போதாவது ஒருநாள் அது வம்பில் முடியும். ரேடியோவிலும் இதே கவனம்தான். காதில் சரியாக விழாவிட்டால் ‘சே அகெய்ன்’ என்போம், ‘ரிப்பீட்’ என்று சொல்ல மாட்டோம். பீரங்கிப் படையினருக்கு ‘ரிப்பீட்’ என்றால் அதே இலக்கில் இன்னொரு முறை சுடு என்று பொருள். கப்பலில் சீட்டியடிக்கக் கூடாது என்பதற்குப் புயலை அழைத்துவிடும் என்ற பழைய நம்பிக்கையும் உண்டு. ஆனால் ஆணைகளே மாலுமிகளை மேய்க்கும் போசனின் ஊதலில் வரும் இடத்தில் நாலு பேர் சீட்டியடித்தால் என்ன ஆகும்?

எல்லாமே காது சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. கழிவறைக்கு ‘ஹெட்ஸ்’ என்ற பெயர் வந்ததற்குக் காற்றுதான் காரணம். பாய்மரக் கப்பலைக் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ தள்ளும். அதனால் நாற்றம் கப்பலுக்குள் வராத இடமாக முன்தலையில் மாலுமிகளின் கழிவறையை வைத்தார்கள். தரையிலேயே இருக்கும் கடற்படைத் தளத்துக்குக் கப்பல் பெயர் வைப்பதும், வாசலைத் தாண்டி வெளியே போவதைக் ‘கரைக்குப் போவது’ என்பதும் புதியவர்களைத் திகைக்க வைக்கும். 1804-இல் கரீபியக் கடலில் உள்ள மார்டினிக் தீவை ஒட்டியிருந்த ஒரு பாறையையே ஆங்கிலேயர்கள் டயமண்ட் ராக் என்ற போர்க்கப்பலாகப் பதிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘மேக் அண்ட் மெண்ட்’. மாலுமிகள் தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்துக்கொண்ட காலத்தில், தைக்கவும் கிழிசலை ஒட்டுப்போடவும் ஒரு பிற்பகல் கொடுப்பார்கள். இன்று யாரும் தைப்பதில்லை. ஆனாலும் ஒலிபெருக்கியில் அந்த மூன்று சொற்கள் வந்தால் பாதி நாள் விடுமுறை என்று அர்த்தம். களைத்துப்போன முகங்கள் ஒரே நேரத்தில் மலர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பணி முடிந்து வீடு வந்த பிறகும் திருப்பிச் சொல்லும் பழக்கம் என்னை விடவில்லை. “நான் சொன்னதையே ஏங்க திரும்பச் சொல்றீங்க? காது கேட்கலையா?” என்று மனைவி கேட்பாள். விளக்கம் சொன்னேன், அவளுக்கு ஒப்பவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஒருநாள் இரவு மருத்துவர் தொலைபேசியில் மருந்தின் அளவை மாற்றச் சொன்னார். லைனில் ஒரே இரைச்சல். மனைவி பேனாவை எடுத்தாள். “காலையில் அரை மாத்திரை. இரவில் வேண்டாம். மூன்று நாளைக்கு மட்டும். சரிதானே டாக்டர்?” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. “இல்லை டாக்டர், மூன்று என்று எழுதிவிட்டேன். இப்போது மாற்றிக்கொள்கிறேன். ஐந்து நாள்” என்றாள்.

தாளில் திருத்தி எழுதிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.